மாப்பேணிக்குள் ஒரு தாலிக்கொடி

“நீர் செய்தது களவு. கோர்ட்டிலை கேட்டாலும் களவு, கோயிலிலை கேட்டாலும் களவு. அடுத்தவளின்ரை தாலிக்கொடியை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு ஞாயிறு தவறாமல் சுவாமியாரிட்டை நன்மை எடுக்கப் போறீரே, நாக்குக் கூசேல்லையோ?”

இப்படிக் கேட்பவர் என் கணவர். மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால் நான் சொல்வதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

வங்கி பறித்த வீட்டைத் திறந்து, உள்ளே கிடப்பதை எழுதுவது என் தொழிலாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், யாரும் கூப்பிடாமல் அடுத்தவள் குசினிக்குள் நுழைகிற தொழில். கலவர காலத்தில் கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கல், இரண்டு

எங்கள் ஹாஜியார் கண்டியில் ஏலக்காரர். அவருடைய கந்தோரில் என் கணவர் கிளாக்கர். கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் மெட்ராசுக்கும் போனவர்கள் திரும்பி வரவில்லை, வீட்டுக் கடனும் கட்டவில்லை. வங்கி அந்த வீடுகளை ஏலத்துக்குக் கொடுத்தது. ஏலத்துக்கு முன்னால் கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்து, உள்ளே கிடக்கும் சாமான்களைப் பட்டியல் போடவேண்டும். பட்டியலில் ஏறியதெல்லாம் ஏலத்தில் போகும்.

என் கணவர் விறாந்தையையும் ஹோலையும் முத்து முத்தாக எழுதுவார். குசினிக்குள் கால் வைத்ததும் தமிழ் மறந்துவிடும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சேர்த்து “கல், இரண்டு” என்று எழுதினார். தேங்காய் திருவலை “பல்லுள்ள இரும்பு, ஒன்று”. இடியப்ப உரல் “இன்னதென்று தெரியாத மரச்சாமான்”. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஹாஜியார் பட்டியலை முழுதாக வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நாளைக்கு மிஸிஸையும் கூட்டிட்டு வாங்க. நீங்க ஒருநாளும் குசினிப் பக்கம் போனதே இல்ல போல ஈக்கிது.”

கள்ளன் மாவைத் தொடமாட்டான்

நானும் ஓடியவள்தான். முகாமுக்கு ஏற்றிப்போக லொறி வாசலில் நிற்க, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தோம். பொட்டை அழித்தோம், தாலிக்கொடியைக் கழற்றினோம். கழுத்தில் கிடந்தால் தமிழச்சி என்று தெரிந்துவிடும், கைப்பையில் கிடந்தால் வழியில் பறிபோகும். ஆகவே மா வைக்கிற தகரப் பேணிக்குள் புதைத்தோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூட முகாமில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்து பார்த்தால் ரேடியோ இல்லை, தையல் மெஷின் இல்லை, ஜன்னல் திரைகூட இல்லை. அரிசிமாப் பேணி வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே என் கொடி.

ஆகவே வேலைக்குப் போன முதல்நாளே எல்லாப் பேணிகளுக்குள்ளும் கையை விட்டேன். நாவலப்பிட்டியில் ஒரு வீட்டில் மிளகாய்த்தூள் தகரம். முழங்கை வரைக்கும் எரிந்தது. அடியில் பொலித்தீன் சுற்றி ஒரு பெண்பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ்கள். ஹாஜியார் அவற்றைப் பட்டியலில் சேர்க்கவிடாமல், பிள்ளை படித்த பள்ளிக்கூடத்துக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கூட்டித் துடைக்க எங்களோடு வருகிற மாரியாயி, கலஹா தேயிலைத் தோட்டத்துப் பெண், என் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

“படிச்ச பேப்பருக்கே மொளகாத்தூள் காவலுன்னா, பவுனு கெடக்குற வீட்டுல பாம்ப வச்சிருப்பாங்க. பாத்து கைய விடுங்கம்மா.”

வத்தேகம வீடு

பாம்பு இருக்கவில்லை. வத்தேகமவில் ஒரு கணக்கு வாத்தியாரின் வீடு. சுவரில் கல்யாணப்படம், புவனேஸ்வரி என்று பெயர் எழுதிய கூட்டுறவுக் கடைக் கொப்பி ஆணியில் தொங்கியது. என் கணவரும் கிராம சேவகரும் முன்னறையில் ஒரு மணிக்கூடு ஓடுகிறதா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் குரக்கன்மாப் பேணியைத் திறந்தேன். மாவுக்கு மேலே அவள் ஒரு பொருள் வைத்திருந்தாள். என்னவென்று எழுதமாட்டேன், காரணம் பின்னால் வரும். மாவுக்குள் கொடி. பிள்ளையார் பதித்த தாலி. கல்யாணப்படத்தில் அவள் கழுத்தில் கிடந்த அதே கொடி.

மாரியாயி வாசற்படியில் விளக்குமாறோடு நின்றாள். “மாரியாயி, நீ கண்டனியோ?” என்று கேட்டேன். அவள் திரும்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நான் ஒண்ணும் பாக்கலம்மா. ஆனா கழுவி வைங்க, மாவு ஒட்டியிருக்கு.”

கோடு

கான்வென்டில் சிஸ்டரின் மேசையில் இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி இருந்தது. கண்டெடுத்த பென்சிலோ கைக்குட்டையோ அதற்குள் போகும். தொலைத்தவள் வந்து நிறத்தையும் அடையாளத்தையும் சொன்னால் கிடைக்கும். சொல்லாவிட்டால் லாச்சியிலேயே கிடக்கும். சிஸ்டர் எடுக்கமாட்டார், எங்களையும் எடுக்கவிடமாட்டார். எனக்குத் தெரிந்த நீதி அவ்வளவுதான்.

ஆனால் ஏலக்காரரிடம் லாச்சி இல்லை, பட்டியல்தான் இருந்தது. எழுதினால் புவனேஸ்வரியின் தாலி அந்த மணிக்கூட்டோடு சேர்ந்து ஏலத்துக்குப் போகும். எழுதாவிட்டால் நான் கள்ளி. அடுத்தநாள் கொடியைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு ஹாஜியாரிடம் போனேன். “கடன் எடுத்தது வாத்தியார், கையெழுத்து வைச்சது வாத்தியார். தாலியையும் ஈடு வைச்சதாக எந்தக் கடதாசியில கிடக்கு, காட்டுங்கோ” என்றேன். அவர் கொடியைத் தொடவில்லை.

“தங்கச்சி, எழுதினா வங்கிக்கு, எழுதாட்டி உங்களுக்கு. நடுவுல ஒரு கோடு ஈந்தா எனக்கும் காட்டுங்க.”

பட்டியலில் எழுதாமலே கொடியை என்னிடம் வைத்துக்கொண்டு, வாத்தியாரின் ஊர் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது திரும்பி வந்தது. மூன்றாவதைத் தபால் கந்தோரில் எடுக்கவே இல்லை, வடக்குக்குப் போகிற பாதையை மூடிவிட்டார்களாம்.

உள்ளுக்குள் பிள்ளையார்

சில வருஷம் கழித்து இன்னொரு தடவை ஊரில் கதை பரவியது, அடிக்க வருகிறார்கள் என்று. எங்கள் ஒழுங்கை மறுபடியும் பொட்டு அழித்தது. பழக்கதோஷத்தில் என் கொடியைக் கழற்றி மாவுக்குள் புதைத்தேன். பிறகுதான் மற்றது நினைவு வந்தது. என்னுடையது போனால் நான்தான் அழவேண்டும். அவளுடையது போனால் யாரிடம் போய்ச் சொல்வது? எடுத்துக் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் தள்ளிவிட்டு, மாதா கோயில் மண்டபத்துக்கு ஓடினேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கழற்றினேனா? இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு கிழமை போனது. அது பாரமான, நல்ல கொடி, என்னுடையதைவிட நல்லது. இதை என் கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். மேலே எழுதிய சண்டை அன்றைக்குத் தொடங்கியதுதான். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். மண்டபத்தில் நான் குனிந்து பாய் விரித்தபோது அவர் கண்ணிலும் அது பட்டிருக்கவேண்டும்.

“வைச்சிருந்ததுக்கு மன்னிப்புத் தேவையில்லை மகளே. அந்த ஒரு கிழமைக்கு மட்டும் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லும்.”

சொன்னேன். பிறகு கொடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இன்றுவரை கழுத்தில் போடவில்லை.

உரிமை கேட்டு வந்தவள்

கொடியின் கதை வெளியே போனது மாரியாயியால் அல்ல, ஹாஜியாராலும் அல்ல. புவனேஸ்வரியின் பேரையும் சொல்லிக் களவு, களவு என்று என் கணவர் சத்தம் போட்டது வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது. வடக்கிலிருந்து வந்து பக்கத்து ஒழுங்கையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் ஒருநாள் கதவைத் தட்டினாள். வெறும் கழுத்து. புவனேஸ்வரியின் தங்கை என்றாள்.

கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தேன். சிஸ்டரின் லாச்சியை நினைத்துக்கொண்டு, “மாவுக்கு மேலை உங்கட அக்கா என்ன வைச்சவ?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். “கறிவேப்பிலை,” என்றாள்.

“இல்லை.”

“வெள்ளைத் துணி.”

“இல்லைப் பிள்ளை.”

அவள் வெட்கப்படவில்லை. தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தன் கொடி எங்கே போனது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழும்பிச் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்:

“என்ரை இல்லைத்தான் அக்கா. உங்கடையும் இல்லைத்தானே?”

நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

கேட்டுப் பார்த்தது

போன மாதம் டொக்டர் எனக்கு ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார். பெரிய விஷயம் இல்லை என்றார். பெரிய விஷயம் இல்லை என்று டொக்டர்மார் எதற்குச் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. நான் திரும்பி வராவிட்டால் அந்தக் கொடி என் சாமானோடு சாமானாகிவிடும். என் கொடிக்குப் பக்கத்தில் கிடக்கிற கொடி யாருடையது என்று பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

ஹாஜியார் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். என் கணவர் எதிரே இருந்தார். மாரியாயி என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், சும்மா இருக்கமாட்டாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அலுமாரியைத் திறந்து, கொடியைக் கொண்டுவந்து வட்டிலப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாவுக்கு மேலே இருந்தது என்னவென்று மூவருக்கும் சொன்னேன். அடையாளம் சொல்கிறவளுக்கு மட்டும் கொடுக்கவேண்டும், யாரும் கழுத்தில் போடக்கூடாது என்பதையும் சொன்னேன்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். மாரியாயி ஏற்கெனவே கழுவிய சட்டியை எடுத்து மறுபடி தேய்த்தாள். இத்தனை வருஷமாகக் களவு, களவு என்று சொன்ன மனிதர், கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க எழும்பினார். நான் மறித்தேன்:

“இஞ்சருங்கோ, இருங்கோ. நான் வரும்வரைக்கும் உங்களில ஒராள் இதை வைச்சிருங்கோவன்.”

ஓட்டைச் சட்டிக்குக்கூடக் கை தூக்க ஆள் இருக்கிற இந்த ஏலத் தொழிலில், ஒரு கையும் உயராத பொருளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.