ஏர் பில்டரைத் துவைத்தவன்

என் மகன் கார் ஓட்டுகிறவன். ஓட்டுவதோடு சரி. காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரன் அடிப்பதும் முன் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும்தான். எங்கள் தெரு பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் துடைத்த வண்டி மேல் மதியத்துக்குள் வெள்ளை மாவு படிந்துவிடும். வெளியே படிவது உள்ளேயும் போகும் என்று யோசிக்க அவனுக்கு நாற்பத்தைந்து வயது போதவில்லை.

போன தை மாதம் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. மேடு ஏறினால் முக்கல், பின்னால் கரும்புகை. மெக்கானிக் முன்பக்க மூடியைத் திறந்து, ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து மடிப்பு மடிப்பான காகிதத்தை வெளியே எடுத்தார். என்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டுவது அதுதான், ஏர் பில்டர் என்றார். மடிப்புக்கு மடிப்பு களிமண் தூள் அப்பியிருந்தது.

"இது இனிமே ஆவாதுண்ணே. புதுசு போட்டுடுங்க. காத்துப் போற குழா வாய மட்டும் நான் சுத்தம் பண்ணித் தரேன்."

கழுவ வேண்டியது எது, தூக்கிப் போட வேண்டியது எது என்று தெரிந்தவர் பேசுகிற பேச்சு. என் மகனோ அவரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். குழாய் வாயைத் துடைக்க வைத்தான். பில்டரைப் பழையபடி மாட்டச் சொல்லி வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

மறுநாள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் கல்யாணம். பெண்ணை ஏற்றிப் போக வேண்டிய வண்டி இதுதான். ஒன்பதுக்குள் தாலி ஏற வேண்டும். பெண்ணைப் பெற்றவள் இவனை நம்பி வேறு வண்டி பேசவில்லை.

சாயங்காலம் பார்க்கிறேன், வாளியில் சோப்புத்தூள் கரைத்து, பில்டரை முக்கி பிரஷ் போட்டுத் தேய்க்கிறான்.

"என்னாடா பண்ற?"

"பாத்தா தெரியல? தொவைக்கிறேன். நீ கம்பெனில தொவைக்கல?"

நான் இருபத்திரண்டு வருஷம் பீங்கான் கம்பெனியில் வேலை செய்தவள். கரைத்த களிமண்ணை மெஷினில் அழுத்தித் தண்ணீரைப் பிழிவார்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடுகிற துணியைக் கழுவிக் காயப்போடுவது என் வேலை. கெட்டித் துணி, எத்தனை தரம் கழுவினாலும் தாங்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன், மண்ணை வடிகட்டுகிற எதையும் துவைக்கலாம் என்று முடிவு கட்டிவிட்டான். இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய இந்த ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

"அது துணிடா. இது காயிதம், ஊறிப்புடும். காலைல பொண்ண ஏத்தணும்."

பில்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது.

"இதுல என்னா எழுதியிருக்குது, படி பாப்போம். அப்புறமா எனக்கு வேல சொல்லு."

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அது அவனுக்குத் தெரியும். நான் உள்ளே போய் உளுந்து ஊறப்போட்டேன்.

படுக்கப் போகும்முன் பில்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, மடிப்புக்குள் ஈரம். தெருவைக் கடந்து, வேறு வண்டி பார்த்துக்கொள் என்று எதிர் வீட்டில் சொல்லியிருக்கலாம். படிக்காதவள் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று படுத்துவிட்டேன்.

காலையில் ஈரத்தோடு மாட்டிக் கிளப்பினான். பின்னால் நான், மணப்பெண், அவள் அம்மா. வழியில் இருக்கிற கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும்கூட வண்டி வரவில்லை. இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால், காகிதம் ஊறின அப்பளமாக ஒட்டிக் கிடந்தது. பிய்ந்தது பாதி குழாய்க்குள் போயிருந்தது. சாவியைத் திருகித் திருகி பேட்டரியும் தீர்ந்தது. நான் பெற்ற துரை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

பட்டுப் புடவையோடு பெண்ணை பஸ்ஸில் ஏற்றினோம். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நேத்து நல்லாத்தானக்கா ஓடிச்சி?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல. காயிதத்தத் தொவைச்சி மாட்டிருக்கான். நிக்கும்னு எனக்கு நேத்தே தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சுமா சொல்லல? எம்பொண்ணு கல்யாணம்க்கா இது."

ஸ்ரீமுஷ்ணத்தில் பெண்ணைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் தாலி ஏறியது.

என் மகன் இப்போது புது பில்டர் போட்டு ஓட்டுகிறான், கண்டுபிடித்தவனே தான்தான் என்கிற மாதிரி ஊருக்கெல்லாம் விளக்கம் வேறு. எதிர் வீட்டுக்காரி மறுபடியும் அவன் வண்டியில்தான் போகிறாள். என்னிடம்தான் பேச்சு இல்லை. அவன் தெரியாமல் செய்தான், இவள் தெரிந்தே செய்தாள் என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னாளாம்.

சொன்னதில் தப்பில்லை. அதற்காக நான் போய் அவள் வாசலில் நிற்கப் போவதுமில்லை.