காகத்துக்கும் வௌவாலுக்கும் நடுவே ஸ்டெல்லா மேடம்

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது: விலங்கியல் துறையின் ஸ்டெல்லா மேடம் காலமானார். சிறுநீரகக் கோளாறு என்று தெரியும்; இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

நாகர்கோவிலில் பிறந்து, திருமணமாகிச் செம்பூருக்கு வந்தவர். நான் அதே துறையில் பணிபுரிந்தேன். ஒரே குடியிருப்பில் வசித்தோம். முதலாண்டு வகுப்பைக் கையை விரித்துக் காட்டித்தான் தொடங்குவார். "காக்கா சிறகுல விரலெல்லாம் ஒட்டிச் சுருங்கிடுச்சு, இறகுதான் வேலை செய்யுது. பழந்தின்னி வௌவாலுக்கு விரல்தான் சிறகு. நம்ம கைக்குச் சொந்தம் அதுதான்."

எங்கள் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் அந்த வௌவால்கள் கூட்டமாகத் தொங்கின. கார்களின்மேல் எச்சம், நாற்றம், நோய்ப் பயம். மழைக்கு முன் கிளைகளையெல்லாம் கழித்துவிடுவதென்று குடியிருப்போர் சொசைட்டி முடிவு செய்தது. செயலாளர் மணி சார் பாலக்காட்டுக்காரர். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"காக்காய்க்கு வைக்கிறீங்க, சந்தோஷம். இதுக்குச் சோறு வேண்டாம் சார், மரத்த விட்டாப் போதும்," என்றார் மேடம். மணி சார் இசையவில்லை.

வெட்டத் தொடங்கிய அன்று, முதல் கிளையோடு ஒரு குட்டியும் விழுந்தது. காகங்கள் கொத்த வந்தன. மேடம் குடையோடு ஓடி அதை மறைத்து நின்றார். காகங்களை விரட்ட மணி சாரே கல்லை எடுத்தார்.

"எறியாதீங்க சார். காக்காவுக்கும் கூட்டுல குஞ்சு இருக்கு. தாயும் தகப்பனும் சேர்ந்து இரை தேடுதுங்க. இந்தக் குட்டிக்குத் தாய்ப்பால் மட்டும்தான்."

மேடம் வெயிலில் நகரவே இல்லை. விலங்கு மீட்பவர் ஒருவர் மாலையில் வந்து, கையுறையோடு குட்டியை எடுத்து, காயமில்லை என்று கூடையில் வைத்து மரத்தில் கட்டினார். பொழுது சாயும்போது தாய் வந்து இறங்கியது. குட்டி அதன் மார்பில் தொற்றிக்கொண்டது.

"பால் குடிக்கறதே," என்றார் மணி சார்.

வேலை நின்றது. அதன்பின் ஒவ்வோராண்டும் மேடம் கமிட்டியோடு வாதாடி, குட்டிகள் பறக்கும்வரை கிளை வெட்டுவதைத் தள்ளிவைப்பார். வாதம் கசப்பாகவும் முடிந்ததுண்டு. சிலர் அவரோடு பேசுவதையே நிறுத்தினார்கள்.

நேற்று அடக்கத்துக்கு மணி சாரும் வந்திருந்தார். மண் போட்டுக் கையைத் தட்டியவர், என் பக்கம் வந்தார்.

"அடுத்த வாரம் கிளை வெட்ட ஆள் வரா. இப்போ குட்டி இருக்குமோ?"

"இருக்கும், சார்."

"அப்போ கமிட்டியில நான் பேசிக்கறேன்."

போய் வாருங்கள், மேடம்.