மேஜர் ஸ்கேலும் மாடி வீட்டுக் குழந்தையும்

மவுத் ஆர்கன் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே பிடிமானத்தை என் வாத்தியார் ஒரு சனிக்கிழமை மாலை கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எண்கள் அச்சடித்த தாள்கள் அவை. எந்த ஓட்டையில் ஊத வேண்டும், எந்த ஓட்டையில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்று வரிசையாக இருக்கும். நாலு ஊது, நாலு இழு, ஐந்து ஊது. அந்தத் தாள்களைப் பார்த்தே கோயில் பாட்டுகளும் பழைய சினிமாப் பாட்டுகளுமாகப் பத்துப் பன்னிரண்டு கற்றிருந்தேன். ஆசிரியர் தினத்தன்று பள்ளியில் ஒன்று வாசித்துக் கைதட்டலும் வாங்கியாயிற்று.

"தாள் போதும் ஆன்ட்டி. இனிமே உங்களுக்கு என்ன தோணுதோ அதை வாசிங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாத்தியாருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். வாரம் முழுக்க ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், லைனிங் துணியும் பட்டனும் விற்கிற கடைக்கு மேல்மாடியில், ஐந்தாறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல பிள்ளை. ஆனால் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கே உரிய ஒரு கொடுமை அவரிடம் உண்டு. தனக்குச் சுலபமாக வருவது எல்லோருக்கும் சுலபம் என்று நினைப்பார்.

அன்று கைபேசியில் ஒரு பின்னணி இசையைப் போட்டார். டிரம்ஸும் கிட்டாரும் ஒரே சுற்றாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. "இது மேல சி மேஜர் ஸ்கேல்ல நீங்க எந்த ஸ்வரத்தை வாசிச்சாலும் தப்பாகாது. சும்மா விளையாடுங்க" என்றார்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். எதை ஊற்றினாலும் தப்பில்லை, சும்மா விளையாடுங்கள் என்று ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் சொன்னால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று யோசித்தபடியே வாத்தியத்தை வாயில் வைத்தேன். மேஜர் ஸ்கேல் எனக்குத் தெரியும். டோ ரே மி ஃபா ஸோ லா டீ டோ. மயிலாப்பூர்க் கணக்கில் ச ரி க ம ப த நி ச. நாலாம் ஓட்டையிலிருந்து ஏழாம் ஓட்டைக்குள் மொத்தமும் அடக்கம். ஏறினேன். மேல் டோ வந்ததும் வேறு போக்கிடம் தெரியாமல் இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

அவர் பாட்டை நிறுத்தினார். "ஆன்ட்டி, நீங்க மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருக்கீங்க. நடுவுல எங்கயாவது உக்காருங்க."

எங்கே உட்காருவது என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் என்றார். ஃபாவில் உட்கார்ந்து பார்த்தேன். வரப்போய் வராமல் நின்ற தும்மல் போல் இருந்தது. அங்கே வேண்டாம் என்றார். எங்கே உட்கார்ந்தாலும் தப்பில்லை என்று ஒரு நிமிடம் முன்னால்தானே சொன்னீர்கள் என்றேன். தப்பில்லை, ஆனால் நன்றாக இல்லை என்றார். இந்த வித்தியாசத்தை விளக்கச் சொன்னேன். அவர் வாத்தியத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அந்த எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பினேன். மெட்ரோவுக்காக எல்லாச் சாலையையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். மந்தைவெளிக்குப் போக வேண்டிய ஆட்டோ எங்கெங்கோ சுற்றியது. ஏன் இந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டதற்கு ஓட்டுநர், "இன்னாமா பண்றது, காலையில கீற ரோடு சாயங்காலம் இல்ல. போய்க்கினே பாக்க வேண்டியதுதான்" என்றார். போய்க்கொண்டே பார்க்கிற அந்தத் திறமை எனக்கு மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. பள்ளிவிட்டு வந்து காபி குடித்துவிட்டு, வாஷிங் மெஷின் வைத்திருக்கிற பின்பக்க பால்கனியில் நின்று பழகுவேன். கூடத்தில் பழகினால் கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். பால்கனியை ஒட்டி எல்லாத் தளங்களுக்கும் பொதுவாகக் காற்றுக்கு விட்ட திறந்த இடைவெளி ஒன்று உண்டு. கீழ்வீட்டில் தாளிப்பது மேல்வீட்டுக்குத் தெரியும், மேல்வீட்டில் சண்டை போட்டால் எங்களுக்குத் தெரியும்.

ஒரு வாரம் போயிருக்கும். மாடி வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள். புதிதாகக் குடிவந்தவர்கள். அவள் கணவனுடைய குடும்பம் தலைமுறைகளாகத் திருவல்லிக்கேணியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறது. வீட்டில் உருதும் தமிழும் கலந்து பேசுவார்கள். அவளுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. குழந்தை அப்போதுதான் குப்புறக் கவிழப் பழகியிருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயோ இல்ல ஆன்ட்டி, நிறுத்திடாதீங்க" என்றாள். "நீங்க வாசிக்கிறதைக் கேட்டாதான் இவ தூங்குறா. அஞ்சரைக்கு எனக்கு மீட்டிங். அதுக்குள்ள இவ தூங்கலைன்னா நான் செத்தேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். அது என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஆனா ரெண்டாவதா ஒண்ணு வாசிக்கிறீங்கல்ல, அது வேணாம் ஆன்ட்டி. முதல்ல ஒரே மாதிரி மேல போயிட்டுக் கீழ வருதே, அது மட்டும் போதும். ரெண்டாவது வந்தா எழுந்துடுறா."

இரண்டாவதுதான் என் கற்பனை வாசிப்பு.

அவள் போன பிறகு வெகுநேரம் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு ஸ்கேலை ஏறி இறங்கினேன். மாடியில் அமைதி. பிறகு பின்னணி இசையை மெதுவாகப் போட்டு, மியிலிருந்து தாவி லாவுக்குப் போய் அங்கே உட்கார்ந்தேன். ஒரே அலறல். வாத்தியத்தைக் கீழே வைத்தேன். நெடுநாளாக வகுப்பறையில் நின்று பல விதமான முகங்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு உடனடியாக யாரும் என் குறையைச் சொன்னதில்லை. மேலே அவள் சமாதானப்படுத்துகிற சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் மறுபடி டோ ரே மி. அழுகை நின்றது.

இப்படியே நாட்கள் போயின. வாரம் முழுக்கக் குழந்தைக்காகப் படியேறி இறங்கினேன். சனிக்கிழமை வகுப்புக்குப் போனால், இன்னும் படிதானா ஆன்ட்டி என்று வாத்தியார் கேட்டார். குழந்தை விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு இடத்தில் பழகச் சொன்னார்.

வேறு இடம் என்றால் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். மூலையில் ஒரு பெஞ்சைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம், நடைப்பயிற்சி முடித்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க வாசிக்கறது சங்கராபரணம், தெரியுமோ?" என்றார். "ஆனா காந்தாரமெல்லாம் கட்டை மாதிரி நிக்கறதே. கொஞ்சம் அசைச்சு வாசிக்கப்படாதோ?"

மவுத் ஆர்கனில் அப்படி அசைக்க எனக்கு வராது என்றேன். அவர் பாடியே காட்டினார். அவர் நன்றாகப் பாடினார் என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. அடுத்த நாள் எனக்கு முன்பே வந்து அதே பெஞ்சில் காத்திருந்தார், கூட ஒரு நண்பரோடு. நண்பருக்குப் பழைய சினிமாப் பாட்டு ஒன்று வேண்டுமாம். அதற்கு மறுநாள் நான் போகவில்லை.

பள்ளி ஆய்வகத்தில் முயன்றேன். உதவியாளர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கடற்கரையில் காற்று நேராக ஓட்டைகளுக்குள் புகுந்து தானே வாசித்தது. மெட்ரோக்காரர்கள் துளை போடும் நேரம் பார்த்து வீட்டில் பழகலாம் என்று நினைத்தால், அந்த இரைச்சலில் என் வாசிப்பே எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் பால்கனிக்கே திரும்பினேன். வகுப்பை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கும் ஏறத்தாழ வந்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு தப்பு நடந்தது. மவுத் ஆர்கனில் ஏழாம் ஓட்டை ஒரு வில்லங்கம். ஆறு வரைக்கும் முதலில் ஊத வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். ஏழில் அது தலைகீழாகிவிடும்; முதலில் இழுத்து, பிறகுதான் ஊத வேண்டும். யார் இப்படிச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று வாத்தியாரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று பள்ளியில் விடைத்தாள் திருத்தி அலுத்துப் போயிருந்த மூளை ஏழாம் ஓட்டையில் குழம்பியது. டீ வராது என்று தெரிந்ததும் பயந்து பின்வாங்கி, லாவைத் தொட்டு ஸோவில் வந்து நின்றுவிட்டேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியைக் கவனித்தேன். அழுகை வரவில்லை.

மெல்ல மி, ரே, டோ என்று இறங்கி முடித்தேன். ஃபா விட்டுப்போனது. அதற்கும் அழவில்லை. மறுபடி ஏறும்போது வேண்டுமென்றே ஸோவில் சற்றுக் கூடுதலாக நின்றேன். மேலே நிசப்தம். குழந்தைக்கு மாற்றம் பிடிக்காமல் இல்லை, திடீரென்று தாவுவதும் உரக்க ஊதுவதும்தான் அதைத் தூக்கிவாரிப் போடுகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் என் தாவல்கள் என்னையே தூக்கிவாரிப் போட்டுக்கொண்டிருந்தன.

அதன்பின் அந்தக் குழந்தையை ஏமாற்றுவதே என் பயிற்சியாக ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். ஏறும்போது ரேயை இரண்டு தரம் தட்டுவேன். இறங்கும்போது மியில் நின்று, ஒரு படி மேலே போய், மறுபடி மியிலேயே வந்து நிற்பேன். ஒரு சுற்றில் நடுவே எதுவும் வாசிக்காமல் மூச்சு மட்டும் விட்டுக் காத்திருந்துவிட்டுத் தொடர்வேன். எங்கே போனாலும் டோவுக்குத் திரும்பி வந்துவிடுவேன். வந்தால் குழந்தை மன்னித்துவிடும். சில நாள் பேராசைப்பட்டு இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்வேன், மேலே சிணுங்கல் ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் தண்டனையாக வெறும் ஸ்கேல். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, பல் முளைக்காத ஒன்றுக்குப் பயந்து துணிக்கொடிக்கு அடியில் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ரம்ஜானுக்காக அவர்கள் ஆம்பூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். இனி இஷ்டப்படி வாசிக்கலாம் என்று முதல் நாள் குதூகலமாக நின்றேன். பின்னணி இசையைச் சத்தமாகப் போட்டேன். தாவினேன், உரக்க ஊதினேன், எல்லா ஓட்டைகளிலும் அலைந்தேன். சகிக்கவில்லை. மாடியிலிருந்து யாராவது அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கேட்க ஆளில்லாத வீட்டுக்கு, குழந்தைக்கு வாசிக்கிற மாதிரியே வாசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் வாத்தியார் வழக்கம்போல அதே சுற்றைப் போட்டார். என் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மியில் ஆரம்பித்தேன். ஸோவில் நின்றேன். காத்திருந்தேன். கிட்டார் மாறியபோது லாவுக்கு நகர்ந்து, அங்கிருந்து அவசரமில்லாமல் இறங்கி டோவில் உட்கார்ந்தேன். சுற்று மறுபடி வந்தது. அதையே கொஞ்சம் மாற்றி வாசித்தேன். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் நானாகவே நிறுத்தினேன்.

வாத்தியார் கைபேசியில் பாட்டை நிறுத்தினார். பிறகு, "இதைத்தான் ஆன்ட்டி நான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

அவர் சொன்னது இது இல்லவே இல்லை. அவர் சொன்னது சும்மா விளையாடுங்கள் என்று. நான் ஒரு நாள்கூடச் சும்மா விளையாடவில்லை. வாதாட வாயெடுத்தேன். அதற்குள் அவர் அலமாரியிலிருந்து வேறொரு மவுத் ஆர்கனை எடுத்து, அடுத்த வாரத்திலிருந்து ஜி மேஜர், ஓட்டைகள் அதேதான், சத்தம் மட்டும் வேறு என்றார்.

அன்றிரவு தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டு, அது சூடாகும் வரை கூடத்திலேயே நின்று வகுப்பில் வாசித்ததை மறுபடி வாசித்துப் பார்த்தேன். கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இது அவர் சாதாரணமாகச் செய்கிற காரியமில்லை.

"இது எந்தப் படம்?" என்றார்.

எந்தப் படமும் இல்லை, நானே வாசித்தது என்றேன்.

"நீயா? இல்லையே. இது நான் கேட்ட பாட்டு."

நானேதான் என்று மறுபடி சொன்னேன். அவர் நம்பவில்லை. அதை முனகிப் பார்த்தார், தப்பாக. அப்படியில்லை என்று வாசித்துக் காட்டினேன். பார்த்தாயா, இதுதான், இது ஏதோ கருப்பு வெள்ளைப் படம் என்றார். பாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கைபேசியை வாயருகே பிடித்து முனகினார். அது சம்பந்தமில்லாத மூன்று பாட்டுகளைக் காட்டியது. தன் அண்ணனுக்குப் போன் செய்து அவரிடமும் முனகினார். அண்ணனுக்கும் அது தெரிந்த பாட்டாகவே பட்டதாம். இரண்டு பேரும் எந்த நடிகர், படகில் பாடுவதா குதிரை வண்டியில் பாடுவதா என்று பேசிக்கொண்டே போனார்கள்.

நான் தோசையை வார்த்துத் தட்டில் வைத்துவிட்டு, தோசை ஆறுகிறது என்றேன்.

"கொஞ்சம் இரு" என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "வாய் வரைக்கும் வந்துடுச்சு."