குழாயில் கேட்காத பேஸ்

என் ஸ்டுடியோ பதிவேட்டில், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: “மூன்று பையன்கள். ஐந்து பாட்டு. பாடுகிறவர் பாடவில்லை, கத்துகிறார். மைக்குக்குச் சேதமில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.”

இதை முதலில் எடுத்துப் போடக் காரணம் உண்டு. அந்த ஐந்து பாட்டும் எங்கே, எந்தப் பருவத்தில், எந்தக் கருவியில் பதிவாயின என்று இணையத்தில் இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை. நடுக்கும் மார்கழியில், கொல்லிமலைக் குகை ஒன்றில், ஒரே ஒரு பழைய கேசட் ரெக்கார்டரில் என்பது பெரும்பான்மையோர் கட்சி. அந்த ஓசையில் உள்ள குளிரைச் செயற்கையாகக் கொண்டுவர முடியாது என்று ஒருவர் சத்தியமே செய்திருக்கிறார். பதிவு நடந்தது நாமக்கல்லில், முட்டை அட்டை ஒட்டிய என் அறையில். ஏசி பழுது. கோகுல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கத்தினான். குளிர் எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன்.

குழாய்ச் சோதனை

ஸ்டுடியோ வைக்க நினைக்கும் இளைஞர்களுக்காக எழுதுவதால், தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்தவை சினிமாப் பாட்டுகள் அல்ல. மாரியம்மன் பண்டிகைப் பாட்டு, பள்ளி ஆண்டு விழா, தேர்தல் பிரசாரம், ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரம். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கூம்பு ஒலிபெருக்கி. எங்கள் பேச்சில் குழாய். வேப்பமரத்தில் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

ஆனால் குழாய்க்குக் கனத்த ஓசை வராது. தவிலின் ‘தொம்’ போய்விடும், ‘டக்’ மட்டும் மிஞ்சும். வராத ஓசையை வலுக்கட்டாயமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் யூனிட் கருகும். அதனால் அடி ஓசையை மொத்தமாக வெட்டிவிட்டு, நடு ஓசையைத் தூக்கிக் கூராக்கி அனுப்புவேன். கடைசியில் மொட்டை மாடியில் கட்டியிருக்கும் குழாயில் போட்டுவிட்டு, தெருமுனை டீக்கடையில் போய் நின்று கேட்பேன். அங்கே தெளிவாகக் கேட்டால் வேலை முடிந்தது. சாமி பாட்டுக்கும் இதே சோதனைதான், சாத்தான் பாட்டுக்கும் இதே சோதனைதான்.

கூகைமேடு என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த அந்த மூன்று பேருக்கும் இதையே செய்தேன். அவர்கள் வாசிப்பது பிளாக் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிட்டார் தகரக் கூரைமேல் மழைபோல நிற்காமல் இரையும். டிரம் விசைத்தறிபோல ஓடும். பாடகர் தொண்டையில் மீன் முள் சிக்கியவர்போலக் கத்துவார். பாட்டு முழுக்கச் சுடுகாடு, இருட்டு, பனி. பனி கொட்டுவதை நேரில் பார்த்தவர் எவரும் இந்தக் குழுவில் இல்லை.

கிட்டாரும் கத்தலும் கோகுல். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். டிரம் செல்வம், வெண்ணந்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன். பேஸ் கிட்டார் மோகன், லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. பேஸ் என்பது தடித்த கம்பி நான்கு கொண்டது. பாட்டின் அடி ஓசை அதனுடையது. அதாவது, குழாய்க்காக நான் வெட்டி எறிவது எதுவோ, அதுதான் மோகனின் பங்கு.

மாடியில் முதல் பாட்டு ஓட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் படியேறி வந்துவிட்டார்.

“ஏனுங்க, கெடா வெட்டுங்களா? எந்தக் கோயலுக்குங்க?”

“இல்லீங்க, பாட்டுங்க.”

“இதுங்களா?” கோகுலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “ஏஞ்சாமி, மொதல்ல தொண்டைக்கு வைத்தியம் பாரு. பாட்டு எங்கீயும் ஓடிப் போயிராது.”

பையன்களுக்கு அந்த ஓசை பிடித்துப்போயிற்று. டின்னைச் சுரண்டுவதுபோல இருக்கிறது, எனக்கு இதுதான் வேண்டும் என்று குதித்தான் கோகுல். மோகன் மட்டும் டீக்கடையில் நின்று கேட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான்.

“இதுல நான் எங்கீங்கண்ணா இருக்கறேன்?”

“உள்ளதான் சாமி இருக்கறே” என்றேன்.

மேதை, முட்டாள், இரண்டும் நானே

அந்த ஐந்து பாட்டும் முதல் வெளியீடாக இணையத்தில் ஏறின. உள்ளூரில் கேட்டவர்கள் எல்லோரையும் ஒரு மினி பஸ்ஸில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் இந்தோனேசியாவிலும் பின்லாந்திலும் பிரேசிலிலும் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் எழுதினார்கள். அடி ஓசை போனபின் மிஞ்சிய கூர்மையைத்தான் குளிர் என்றார்கள். அடி ஓசையே இல்லாத அந்தத் துணிச்சலுக்காக, பெயர் தெரியாத என்னை மேதை என்றார்கள்.

மேதைக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டாவது வெளியீட்டுக்குள் நல்ல ஸ்பீக்கர்கள் வாங்கி, படித்ததையெல்லாம் பயன்படுத்தி, ஒவ்வொரு ஓசையையும் அளவாகக் கலந்து முறைப்படி மிக்ஸ் செய்தேன். அடி ஓசை நெஞ்சில் வந்து இடித்தது. மோகன் அதைப் பட்டறை மேஸ்திரிக்கே போட்டுக் காட்டி, “இந்த இடி நாந்தானுங்க” என்றிருக்கிறான். ரசிகர்கள் காறித் துப்பினார்கள். கல்யாண மண்டபத்து ஓசை என்றது ஒரு கட்சி. குகையை விட்டு வெளியே வந்தது பெருந்தவறு என்றது இன்னொன்று. மேதையும் முட்டாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஒரே ஆள் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாவதைப் பெங்களூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்தார்கள். பல் விளக்கி, பவுடர் போட்டுக்கொண்ட பேய்போல வந்தது. அதற்கும் ஒரு கட்சி சேர்ந்தது.

இவ்வளவு சண்டையிலும் குழாய் விஷயத்தை நான் வெளியிட அப்போது கோகுல் சம்மதிக்கவில்லை.

“சொல்லிப்போடாதீங்கண்ணா. மாரியம்மன் பாட்டுக்குப் பண்றதத்தான் நமக்கும் பண்ணீங்கன்னு தெரிஞ்சா மானம் போயிரும்.”

“யாரோட மானம்? மாரியம்மனோடதா?”

பேஸ்காரர் செத்துட்டாருங்களா?

மூன்றாவது வந்த பிறகு, ஒரு மத்தியானம் இரண்டு ரசிகர்கள் ஸ்டுடியோவைத் தேடி வந்தார்கள். விஸ்வா, பரமத்தி வேலூரில் வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பையன். அருண், அவனோடு சேலத்தில் படித்தவன். முதல் வெளியீட்டின் உறையில் பொடி எழுத்தில் இருந்த என் ஸ்டுடியோ பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதிவு குகையில், மிக்ஸ் மட்டும் இங்கே என்பது அவர்கள் செய்துகொண்ட சமரசம்.

அப்போது மோகன் மூலையில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். பட்டறை காக்கிச் சட்டை. இந்தக் குழு போட்டோவுக்கு நிற்கும்போது முகத்தில் சுண்ணாம்பு வெள்ளையும் கரியும் பூசிக்கொள்வது வழக்கம். கழுவிய முகத்தை எந்த ரசிகரும் பார்த்ததில்லை. கரண்ட் வேலைக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று மோகன் எனக்குக் கண் காட்டினான்.

“மொத ஆல்பம்தான்டா ஆல்பம்” என்று ஆரம்பித்தான் விஸ்வா. “அப்பறம் வந்ததெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுனது.”

“ஒனக்குத் தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுனாலே பிளாக் மெட்டல்தான்” என்றான் அருண். “மூனாவதுல ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்குது. கேட்டியா நீ?”

“தனித்தனியா கேக்கறதுக்கு அதென்ன கண் ஆஸ்பத்திரி போர்டா, எழுத்தெழுத்தாப் படிக்க?”

“ரெண்டாவது?”

“அதப் பத்திப் பேசாத. சோத்துக்கு முன்னாடி வேண்டாம்.”

இரண்டாவதைச் செய்தவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு டீ சொன்னேன். டீ வந்து ஆறும்வரை ஓயவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

“ஆனா ஒன்னுடா, இந்த பேண்டுக்குப் பேஸ் தேவையில்ல” என்றான் அருண்.

“மொத ஆல்பத்துல பேஸே கெடையாதே. அதனாலதான் அந்த சவுண்டு” என்றான் விஸ்வா.

மோகன் பப்ஸைக் கீழே வைத்தான். “ஏனுங்க தம்பி, போட்டோவுல மூனு பேரு நிக்கறாங்களே?”

“அது சும்மா நிக்கறதுங்கண்ணா. ரெண்டு பேரு நின்னா பேண்டு மாதிரி தெரியாதில்லீங்க.”

“அப்ப அந்தப் பேஸ்காரரு செத்துட்டாருங்களா?”

“இருப்பாருங்க” என்றான் விஸ்வா, பெருந்தன்மையாக. “வண்டி கிண்டி ஓட்டுவாரு.”

குழுவின் சாமான்களை ஏற்றிப் போகும் மினி வண்டியை ஓட்டுவது மோகன்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து, சட்டையில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டு, “வாரேனுங்கண்ணா” என்று போய்விட்டான்.

பஸ்ஸில் நகர்ந்து உட்காருதல்

அடுத்த ஞாயிறு மூவரும் நாலாவது வெளியீட்டைப் பற்றிப் பேச வந்தார்கள். மறுபடி குழாய்தான் என்றான் கோகுல். உலகமே அதைத்தான் கேட்கிறது என்றான். செல்வம் தலையாட்டினான்.

“அப்ப நான் நின்னுக்கறேன்” என்றான் மோகன்.

“உன்னிய யாருடா போகச் சொன்னா?” என்றான் கோகுல்.

“யாரும் சொல்லல. நான் இருந்தாலும் போனாலும் ஒரே மாதிரிதான் கேக்குது. போறதுல என்னடா ஆயிரப்போகுது?”

“பாலிடெக்னிக்ல இருந்து ஒன்னா வாசிக்கறோம். நீ இல்லீனா நான் வாசிக்க மாட்டேன்டா.”

“வாசிப்பே. கேக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது.”

மேடையில் சுடுகாட்டையே கூப்பிடுகிற கோகுல், கிட்டார் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். குழாயில் பேஸ் வராது, அது அதன் உடம்புவாகு, நானோ பெங்களூரோ ஒன்றும் செய்ய முடியாது என்று நான் உள்ளதைச் சொன்னேன். செல்வம்தான் கேட்டான்.

“தவிலு மட்டும் எப்படிங்கண்ணா கேக்குது?”

“தொம் கேக்காது. டக்குதான் கேக்கும்.”

“எனக்கு டக்கு போதுமுங்க” என்றான் மோகன். “இடியெல்லாம் வேண்டாம்.”

அதுவரை அவன் விரல் நுனியால் மெத்தென்று வாசித்துவந்தான். மறுவாரம், லாரி கேபினுக்கு அடிக்கும் அலுமினியத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டு வந்தான். அதைக்கொண்டு கம்பியை அடித்தான். இடது கையை மேலே ஏற்றி, பேஸில் எவ்வளவு உயர்ந்த சுரம் கிடைக்குமோ அங்கே போய் வாசித்தான். அதில் இரைச்சலைக் கூட்டினேன். இருந்தும் கோகுலின் கிட்டார் அதே உயரத்தில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது. கிட்டாரின் நடு ஓசையில் கொஞ்சம் குடைந்தேன்.

“என்ற கிட்டார எதுக்குங்கண்ணா வெட்டறீங்க?”

“பஸ்ஸுல கொஞ்சம் நகந்து ஒக்காரு. ஆளு ஏறுது.”

கோகுல் மோகனைப் பார்த்தான். பிறகு, “இன்னுங் கொஞ்சம் வேணாலும் வெட்டிக்குங்க” என்றான்.

குழாய்ச் சோதனைக்கு டீக்கடைக்கு மோகன்தான் போனான். எங்களை வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். பாட்டைப் போட்டுவிட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்கார அக்கா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக் குழாயை அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று அவன் பிறகு சொன்னான்.

“என்ன கண்ணு, இன்னைக்கு ரெண்டு சத்தம் வருது? ஒன்னு எப்பவும் கத்தற பையன். இன்னொன்னு லேத்துல இரும்ப ஒரசற மாதிரி?”

“அது நாந்தானுங்கக்கா!”

“நீயா? என்னத்துக்கு சாமி?”

இந்தக் கேள்விக்குப் பிளாக் மெட்டல் உலகில் பதில் கிடையாது. மோகன் கடையில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னான். எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.

உலகின் தீர்ப்பு

நாலாவது வெளியானது. பழைய குளிர் திரும்பிவிட்டது, மறுபடி அந்தக் குகைக்கே போயிருக்கிறார்கள் என்று விஸ்வா பத்தி பத்தியாக எழுதினான். தகரம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான் அருண். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கவனித்த புதுமை ஒன்று இருந்தது: குழுவில் இரண்டாவது கிட்டார்காரர் சேர்ந்திருக்கிறார், நல்ல கை. வழக்கம்போலப் பேஸ்தான் இல்லை.

பட்டறை இடைவேளையில் மோகன் இவற்றையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினான். சிரிப்பில் பாதி வரி புரியவில்லை.

“ஆளு கொறையுதுன்னு சொன்னவனெல்லாம் இப்ப ஆளு சேந்துருச்சுங்கறானுங்கண்ணா. போதுமுங்க.”

அவன் குழுவை விட்டுப் போகவில்லை. வண்டியை மட்டும் இப்போது செல்வம் ஓட்டுகிறான்.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ரசிகர் சொல்வதைக் கேளுங்கள், சுவையாக இருக்கும். அதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். மிக்ஸ் முடிந்ததும், பாட்டு நன்றாயிருக்கிறதா என்று பார்ப்பதற்குமுன், வாசித்த ஒவ்வொருவருக்கும் “இதோ, இங்கே இருக்கிறீர்கள்” என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை நகரச் சொல்லுங்கள். பெரும்பாலும் நகர்வார்கள். கேட்கத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நாலாவது வெளியீட்டின் கீழே, பின்லாந்து என்று ஊர் போட்ட ஒரு கணக்கிலிருந்து ஒரே ஒரு கருத்து வந்திருக்கிறது. மூன்றாவது பாட்டில் கேட்பது இரண்டாவது கிட்டார் அல்ல, பேஸ். உலோகத் துண்டால் வாசிக்கிறார். மற்றவர்கள் காதைச் சுத்தம் செய்துகொண்டு வரவும் என்று அதில் இருக்கிறது. உலோகத் துண்டு பற்றி எங்கள் நால்வரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் எழுதவில்லை. மோகன் தன் பட்டறைமேல் ஆணையாகத் தான் இல்லை என்கிறான். செல்வத்துக்கு அந்தத் தளத்தில் கணக்கே கிடையாதாம். கோகுலைக் கேட்டால், “பின்லாந்துல நல்ல காது இருக்கறவங்க இருக்கக் கூடாதுங்களா?” என்று திருப்பிக் கேட்கிறான். இருக்கலாம். எழுதியவர் யார் என்பதை இந்தக் குறிப்பை முடிக்கும்வரை உறுதிப்படுத்த முடியவில்லை.