மணி அடிக்கிற வீடு

மூன்று வருடங்களுக்கு முன், ஓணம் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. பாறசாலைக்கும் செங்கலுக்கும் இடையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்து ஆலயத்தில். ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்த ஒற்றை வரியைத் திருத்தி வாசித்தேன். அதனால் ஒரு வாரம் முழுக்க ஒரு குடும்பம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போனது.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தெட்டு வருடம் செய்திகளைத் திருத்தும் வேலை பார்த்தேன். நிருபர்கள் அனுப்புவதைச் சுருக்கி, பிழை நீக்கி, தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான இங்கே வந்து வீடு கட்டினோம். ஆறு வருடம் இங்கே சேர்ந்து வாழ்ந்தோம். சிறுநீரக நோயில் அவள் போய்விட்டாள். நான் சொல்லப் போகும் ஞாயிறு, அவள் போய் எட்டு மாதம் கழித்து வந்தது.

அந்த ஆலயத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் ஒரு காகிதத்தில் எழுதி அதில் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது என்பது வழக்கம். யாருக்காக என்பது கேட்கிற கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்பார்கள். "கண் ஆபரேஷன் நல்லபடி முடிய", "வெளிநாட்டில் உள்ள மகனுக்கு வேலை நிலைக்க" என்று இருக்கும். காலையில் மலையாள ஆராதனை, பத்து மணிக்குத் தமிழ் ஆராதனை. தமிழ் ஆராதனையில் அந்தக் குறிப்புகளை வாசிப்பது என் மனைவியின் வேலையாக இருந்தது. அவள் போனபின் போதகர் என்னைக் கேட்டார். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. அவள் நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்பதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அன்று பெட்டியில் இருந்த ஐந்தாவது குறிப்பு இப்படி இருந்தது: "மணி அடிக்கிய வீட்டில விசாரம் மாற."

இந்த ஊர்த் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பென்சில் என் கையில் இருந்தது. மணி அடிக்கிற வீடு என்றால் ஆலயமணி அடிக்கும் பணியாளரின் வீடு என்று நினைத்தேன். "விசாரம்" என்பதை "விசாரணை" என்று எழுத வந்தவர் கடைசி எழுத்தைத் தவறாக எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். மாற வேண்டும் என்றால் வேறு அதிகாரிக்கு மாற வேண்டும் போலிருக்கிறது. சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேள் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். எழுதியவர் பெயர் இல்லாததால் அதையும் தாண்டினேன். "நம் ஆலயமணி அடிப்பவர் வீட்டில் நடக்கும் விசாரணை மாற ஜெபிப்போம்" என்று தெளிவான உச்சரிப்பில் வாசித்தேன்.

மணிக்கயிறு தொங்கும் வாசலோரம் நின்றிருந்த பணியாளர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒருவர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு பலரும் திரும்பினார்கள். அதைக் கவனித்தும், அடுத்த குறிப்பை எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார்.

"சாரே, எனக்க வீட்டுக்கு எந்த போலீஸு வந்துது?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

அவர் மகளுக்குக் காஞ்சிரங்குளத்தில் ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையன் வீட்டார் இவர்களைப் பற்றி அங்கங்கே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற ஞாயிறு ஆலயத்துக்கு வந்து பெண்ணைப் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. தமிழ் ஆராதனையில் அவர்களுக்கு உறவுக்காரர் ஒருவர் உண்டு. செய்தி ஞாயிறு மாலைக்குள்ளேயே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "என்னவோ கேஸு உண்டாமே, முதல்ல அது தெளியட்டும்னு சொல்லுகாவ" என்றார். அவர் மகள் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை.

மூலப் பிரதியைக் கிழிக்காமல் வைப்பது என் பழக்கம். மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"இதில விசாரணைன்னு எங்க இருக்கு? விசாரம்னுல்லா எழுதியிருக்கு."

"விசாரம்னா?"

"மனசுக்குள்ள கெடக்கிய சங்கடமாக்கும் சாரே. அது மாறணும்னா போவணும். சளி மாறுச்சுன்னு சொல்லமாட்டமா, அதுபோல." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு பேப்பர்ல இருந்தவருதானே" என்றார்.

பிறகு அகராதியைப் பார்த்தேன். விசாரம் என்றால் கவலை என்ற பொருள் தமிழிலேயே இருந்தது. எனக்கும் அது தெரியாததில்லை. அந்தப் பென்சில் கையில் இருக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"அப்படின்னா உங்க வீட்டுக் கவலைக்காக யாரோ..." என்று தொடங்கினேன்.

"எனக்க வீட்டில விசாரமும் இல்லாமத்தான் இருந்துது. நேத்து வரைக்கும்."

அப்படியானால் எழுதியது யார், யாருடைய வீடு அது? மறுப்பு மட்டும் வெளியிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். இவர் வீடு இல்லை என்று சொன்னால், பின்னே எந்த வீடு என்றுதான் முதலில் கேட்பார்கள். ஞாயிறுக்குள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காகிதத்தைத் திருப்பினோம். பின்பக்கத்தில் மலையாளத்தில் ஏதோ அச்சிட்டு, ஓரத்தில் டிக் போட்டிருந்தது. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவர் வாசித்தார்: பருப்பு, பப்படம், போளி, பால்பாயசம். "கல்யாணச் சத்யைக்கு உள்ள லிஸ்டாக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பாறசாலையில் சத்யை என்கிற விருந்துச் சமையல் எடுத்து நடத்தும் இரண்டு இடங்களில் விசாரித்தேன். இரண்டாவது இடத்தில், அண்டா கழுவுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர் காகிதத்தைப் பார்த்ததும் தங்களுடையது என்றார். ஞாயிறுதோறும் எட்டுப் பெண்கள் வேலைக்கு வருகிறார்களாம். "எல்லாருக்கும் மலையாளம் எழுதத் தெரியும். தமிழ்ல எழுதுகது ஒரு சேச்சி மட்டும், களியக்காவிளைப் பக்கம் படிச்சது. ஒங்களுக்கு எங்க வீடு?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஒங்க மதிலுக்கு அந்தப்புறமாக்கும்."

ஆறு வருடமாகப் பக்கத்து வீடு. அந்த அம்மா வெள்ளை ஸ்கூட்டர் வைத்திருக்கிறார், வாசலில் நாலு செம்பருத்திச் செடி உண்டு, கேட்டின் மேல் கீல் துருப்பிடித்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதில்லை. என் மனைவிதான் மதிலோரம் நின்று அவரோடு பேசுவாள்.

நான் போனபோது அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். "எழுத்துப் பிழை உண்டா சாரே?" என்றுதான் முதலில் கேட்டார். ஞாயிறு சமையலுக்குப் போக வேண்டியிருப்பதால் அவர் காலை மலையாள ஆராதனைக்குப் போய், பெட்டியில் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் வாசித்தது அவர் காதுக்கு வரவில்லை.

எந்த வீடு என்று கேட்டேன். சொல்ல மறுத்தார். "பேரு சொல்லப்பிடாதுன்னு அக்காதான் எனக்குப் படிப்பிச்சது" என்றார். அக்கா என்றது என் மனைவியை. நான் பணியாளர் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் மகள் சாப்பிடாமல் இருப்பதையும் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடாமல் வாளிக்குள்ளேயே போட்டார்.

"மணி ஒங்க வீட்டிலயாக்கும் அடிக்கியது" என்றார்.

இதைப் புரியவைக்க ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் கைபேசியில் காலை ஐந்து பத்துக்கு அலாரம் வைத்திருந்தாள். பழைய பள்ளிக்கூட மணி போன்ற சத்தம். எழுந்து ஜெபிப்பதற்காக வைத்தது. அந்தக் கைபேசியைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. கடையில் கொடுத்தால் திறந்து தருவார்கள், நான் கொடுக்கவில்லை. தினமும் இரவு சார்ஜ் போட்டு வைப்பேன். காலையில் அது அடிக்கும். நான் அதற்கு முன்பே விழித்திருப்பேன், ஆனால் நிறுத்தக் கை போகாது. அவள் தொடங்கி வைத்ததில் இன்னும் நடந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான். யார் கேட்டாலும் நான் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். இந்த மணியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா உள்ளப்ப ரெண்டு அடிதான். அதுக்குள்ள நிறுத்திரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நானும் எழும்புகது. அக்கா அங்க, நான் இங்க, மதிலுக்கு ரெண்டு பக்கமும் இருந்து ஜெபிப்போம். இப்ப அது கெடந்து அடிக்கும். ஏழு நிமிசம் அடிச்ச நாளும் உண்டு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது நிக்கியது வரைக்கும் நான் ஒங்களுக்கு வேண்டி ஜெபிச்சிட்டு இருப்பேன். முழங்கால் வலிச்சா, கர்த்தாவே அந்த மனுசன் சட்டுனு நிறுத்தட்டும்னும் சொல்லுவேன்."

"பிறகு ஏன் எழுதிப் போட்டீங்க?"

"எனக்க ஒருத்திக்க முழங்கால் கொண்டு ஆவல்ல. எல்லாருமாச் சேர்ந்து ஜெபிக்கட்டும்னு நினைச்சேன்."

அன்று மாலை போதகரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, தானே ஞாயிறு அறிவிப்பில் பிழை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். ஒரு நிமிடம் ஒப்புக்கொள்ளக்கூட நினைத்தேன். பிறகு போதகரே கேட்டார், பத்திரிகையில் தப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று. தப்பு எங்கே வந்ததோ அங்கேயேதான் திருத்தம் வர வேண்டும் என்றேன். அதைச் சொன்னபின் பின்வாங்க முடியவில்லை.

திருத்தத்தை நாலு வரிக்குள் எழுதினேன். எங்கள் பழக்கம் அப்படி. வருத்தம் தெரிவிப்பது கடைசி வரி.

பணியாளர் காஞ்சிரங்குளத்துக்கே போய், முடிவு என்னவானாலும் அந்த ஞாயிறு ஒருமுறை வந்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். மூன்று பேர் வந்தார்கள். நாலாவது பெஞ்சில் இருந்தார்கள், கடைசிவரை முன்னால் சாயவும் இல்லை, பின்னால் சாயவும் இல்லை. பெண் எதிர்ப்பக்கம் தாயின் தோளுக்குப் பின்னால் இருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா சமையலுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முதல் தடவையாகத் தமிழ் ஆராதனைக்கு வந்திருந்தார். பத்து மணிக்குப் பணியாளர் வழக்கம்போல மணி அடித்தார்.

நான் வாசித்தேன். "சென்ற ஞாயிறு நான் வாசித்த குறிப்பில் விசாரணை என்பது தவறு. எழுதியிருந்தது விசாரம். மணி அடிக்கிற வீடு என்று குறிப்பிட்டது நம் ஆலயப் பணியாளர் வீட்டை அல்ல. அது என் வீடு."

கடைசி வரி வருத்தம். அதற்குப் போக முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எழுத்து அப்போதும் தெரியவில்லை. எட்டு மாதத்தில் நான் யார் முன்னாலும் அழுததில்லை. அன்று சுமார் நூறு பேர் முன்னால் அழுதேன்.

யாரும் எழுந்து வரவில்லை. வாசலோரத்திலிருந்து பணியாளரின் குரல்தான் கேட்டது. போதகரை இங்கே அச்சன் என்பார்கள். "அச்சா, அந்தக் குறிப்புக்கு இன்னும் ஜெபிக்கல்லியே" என்றார்.

பெஞ்சுகள் நகரும் சத்தம் முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரை போனது. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். காஞ்சிரங்குளத்துக்காரர்களும் நின்றார்கள். நான் வாசிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு நானும் முழங்காலிட்டேன். அவர்கள் கேட்டதற்குப் பதில் வந்ததா என்று என்னால் செய்தியாக எழுத முடியாது. எழுந்தபோது மூச்சு முன்பைவிடச் சுலபமாக வந்தது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வெளியே வந்ததும் பணியாளர் பக்கத்தில் வந்து, "வாற ஞாயிறு யாரை உள்ள போடப் போறீரு சாரே?" என்றார். போதகர் சிரித்தார். தமிழ் வேதாகமத்தில் கடவுளுக்கே விசாரிக்கிறவர் என்று ஒரு பேர் உண்டு, அக்கறையோடு பார்த்துக்கொள்பவர் என்று அர்த்தம், உங்கள் மனைவிக்குப் பிடித்த சொல் அது என்றார். எனக்கு அது புதுச் செய்தி.

கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. பந்தியில் என் இலையில் போளி வைத்தது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். ஒன்று போதும் என்றேன், இரண்டு வைத்தார்.

குறிப்புகளை இன்றும் நான்தான் வாசிக்கிறேன், பென்சில் இல்லாமல். கைபேசி இன்றும் ஐந்து பத்துக்கு அடிக்கிறது. சில நாள் நிறுத்தக் கை போகாது. நிருபர்கள் விசாரித்து அனுப்பியதைத் திருத்தியே பிழைத்தவன் நான்; அந்த எட்டு மாதமும் ஒருவர் என்னை விசாரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமலேயே இருந்தது என்பதை நினைத்துக்கொள்வேன், மதிலுக்கு அந்தப்புறம் வலிக்கிற முழங்கால் நினைவுக்கு வரும், கை தானாகப் போய் மணியை நிறுத்திவிடும்.