ஜிந்துப்பிட்டிக்கு வந்த பறக்கும் தட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். முடித்ததோடு நிற்காமல் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலும் படித்துக்கொண்டிருந்தேன். இதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஜிந்துப்பிட்டியில் எங்கள் சந்தில் யாருக்குச் சிங்களத்தில் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும், மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆகவே அம்மா வானத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்தபோது, தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சண்டை முடிந்து அதிக காலம் ஆகாத ஒரு தை மாதம் அது. புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது அம்மாவின் வேலை. அன்று வேலை முடிந்து வந்து, பொழுது படும் நேரத்தில் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவள் வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

“துறைமுகத்துப் பக்கம் ஒரு வெளிச்சம்டி. ஒரே எடத்துல நிக்குது, அப்புறம் சரிஞ்சு கீழ வருது, மறுபடி ஏறுது. ஙொய்னு சத்தம் வேற.”

ஓரிரு வருடம் முந்தியிருந்தால் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போயிருப்போம். அந்த நாட்களில் வானத்தில் வெளிச்சம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், குண்டு. சமாதானம் வந்த பிறகுதான் எங்கள் சந்துக்கு வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பயப்படும் வசதி கிடைத்தது.

“அது பறக்கும் தட்டுதான், டீவியில காட்டுனான்” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் விளக்கம் சொன்னேன். வானத்தில் எண்ணி முடியாத நட்சத்திரங்கள் இருக்கின்றன. எங்கோ ஒன்றைச் சுற்றும் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிகப் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்து சேரவே நாலு வருடத்துக்கு மேலாகிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் அளவுக்கு மூளை உள்ளவர்கள், நம் சந்தில் காயும் பாவாடைகளைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பிப் போவார்களா? அம்மா பார்த்தது வெள்ளி. இந்த நாட்களில் அந்தியில் மேற்கே பளிச்சென்று தெரிகிறது. மேகம் ஓடினால் அதுவே ஓடுவதுபோல் இருக்கும்.

“வெள்ளி சத்தம் போடுமா?” என்றாள் அம்மா.

“சத்தம் கப்பல்ல இருந்து வந்திருக்கும்.”

“சரிஞ்சு கீழ வந்துச்சே?”

“உங்க கண்ணு அப்படிக் காட்டியிருக்கும்.”

“எங் கண்ணா? ஒரு மூடை மிளகாய்ல பூஞ்சணம் புடிச்சது ஒண்ணு கெடந்தாலும் பொறுக்கிப் போடுற கண்ணுடி இது!”

குழாயடி சிரித்தது. சிரிப்பு என் பக்கம் இருந்ததால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. “அக்கா, தட்டுல சோறு இருந்துச்சா?” என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அம்மாவைக் கேட்டார்கள். நாலாம் நாள் அம்மா என்னைக் குடத்தோடு அனுப்பிவிட்டு உள்ளேயே இருந்துகொண்டாள்.

எதிர் வீட்டு மேல்மாடி அறையில் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். மருதானையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். அதற்கான படிவத்தை என்னிடம் நிரப்பத் தந்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் எட்டுமூலைப் பட்டம் சாய்ந்து நின்றது. அதன் தலையில் வில், வில்லில் இழுத்துக் கட்டிய பார்சல் நாடா. நடுவில் ஒரு சின்ன டோர்ச் பல்பு, பற்றரி.

“தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். “தை பிறந்தா எங்கட ஊரில பட்டம் ஏத்திறது. இந்த நாடா காத்தில கூவும். லைற்றும் கட்டி விடுவம். ஆசையில ஒருநாள் ஏத்திப்போட்டன்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே? சந்து முழுக்க எங்கம்மாவைக் கேலி பண்ணுது.”

“என்னெண்டு சொல்லுறது? ஒரு யாழ்ப்பாணத்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில, இருட்டுப்படேக்க, லைற் கட்டி எதையோ பறக்க விட்டவன் எண்டா சும்மா விடுவாங்களே? வேற கிரகத்திலயிருந்து வந்தது எண்டு சனம் கதைக்கேக்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமே?”

நின்றது, சரிந்தது, ஏறியது, கூவியது. அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அந்த வெளிச்சத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது என் வெள்ளி மட்டும்தான். ஒரு பார்வையாளர் கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்பதற்காக அதைத் தூக்கி எறிந்திருக்கிறேன். இதைச் செய்யக்கூடாது என்றுதான் மூன்று வருடமாக ஆய்வுகூடத்தில் எனக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அந்தத் தம்பிக்குப் பொலிஸ் பதிவு கெடைச்சிருச்சா?” என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தோடு சந்துக்குள் வந்தார். துறைமுகப் பக்கம் வெளிச்சம் பார்த்தது யார் என்று கேட்டார். ஆளுக்கொரு கை எங்கள் வாசலைக் காட்டியது. அம்மா வெளியே வந்து, கேலி செய்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், தன் புறக்கோட்டைச் சிங்களத்தில் வாக்குமூலம் கொடுத்தாள். தட்டு வட்டமாக இருந்தது. சுற்றிவர ஜன்னல். உள்ளே இரண்டு பேர், தலையில் மயிரில்லை. சந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

“நங்கி, நீங்கள் கம்பஸில் படிக்கிறவராமே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

“வெள்ளியாக இருக்கலாம் மாத்தயா.”

“வெள்ளி சத்தம் போடுமா? அடுத்த சந்திலும் நாலு பேர் சத்தம் கேட்டிருக்கிறார்கள்.” அவர் தலையைத் தூக்கி எதிர் மாடி ஜன்னலைப் பார்த்தார். “இங்கே யாராவது எதையாவது பறக்க விடுகிறார்களா?”

அம்மா என்னைப் பார்த்தாள். சந்து முழுவதும் என்னைப் பார்த்தது.

“இல்லை மாத்தயா. அம்மா சொல்வதுபோல் பறக்கும் தட்டாகவே இருக்கலாம். இல்லை என்று விஞ்ஞானம் இன்னும் நிரூபிக்கவில்லையே” என்றேன். மற்றவர்கள் சொல்லும்போது நான் அதிகம் பரிகாசம் செய்த வாக்கியம் அது. என் வாயில் தடங்கலில்லாமல் வந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதைப் படிப்பிக்கத்தானா கம்பஸ் நடத்துகிறார்கள்?” என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“பார்த்தீங்களா, படிச்ச புள்ளயே சொல்லிருச்சு!” என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள். சந்தில் சிரிப்பு நின்றது. அன்று மாலை அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தானே குழாயடிக்குப் போனாள். வரிசையில் அவளை முன்னால் போக விட்டார்கள். எதிர் மாடி இளைஞருக்குப் பதிவு அடுத்த கிழமை கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் ஒரு மாமி என் கையைப் பிடித்து நிறுத்தி, தட்டுக்குள் இருந்தவர்கள் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். “அவளையே கேளுங்க, அவதான் படிச்சவ” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

“நாலடி இருக்கும் மாமி” என்றேன்.