வரி போட்ட வாகனம்

தங்கராஜுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவின் சுங்கை காடுட் தொழிற்சாலையில் குளிர்பெட்டிக் கதவுகளுக்குச் சாயம் அடிக்கிறவர், தாம் கை வைத்தால் கல்லும் கண் திறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோலா பிலா பக்கத்தில் தாம் பிறந்த ரப்பர் எஸ்டேட்டின் காளியம்மனுக்குத் தம் கையால் வர்ணம் பூச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கோயில் தலைவர் புனிதன் லேசில் மசிகிற ஆள் இல்லை. இந்த ஆண்டுதான், நச்சரிப்புத் தாங்காமல், அம்மனின் வாகனத்தை மட்டும் ஒப்படைத்தார். அது ஒழுங்காக வந்தால் அடுத்த முறை அம்மனையே தருவதாகப் பேச்சு.

வாகனம் வெயிலிலும் மழையிலும் வெளிறி வெறும் சிமெண்டாக நின்றது. தங்கராஜு மஞ்சள் பூசி, கறுப்பு வரிகளை இழுத்தார். கழுத்தைச் சுற்றி ஏதோ மயிர் மாதிரி இருந்தது. வயதான புலிக்குத் தாடி முளைத்திருக்கும் என்று தமக்குள் முடிவு கட்டி, அதன்மேலும் வரி போட்டார். ரப்பர் காட்டில் வளர்ந்த மனுசனுக்கு வேறு எது தோன்றும்?

திருவிழாக் காலையில் புனிதன் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சிங்கத்துக்குப் போயி வரி போட்டு வச்சிருக்கியே. பூசைக்கு முன்ன எல்லாத்தயும் சுரண்டு."

தங்கராஜுவுக்கு உயிரே போய்விட்டது. இனி அம்மன் பக்கம் தம்மை அண்ட விடமாட்டார்கள். உப்புத்தாளோடு குனிந்தவர் தயங்கினார். பால்குடம் எடுத்து வந்த பெண்கள் அதற்குள் வாகனத்தின் முன் கைகூப்பி நின்றிருந்தார்கள். இன்னமும் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவப் போகும் வள்ளிநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பெரியவர அடக்கி ஆத்தா மேல ஒக்காந்திருக்கா. இதப் பாத்துட்டுப் போனா காட்டுல பயம் இருக்காது லா."

அந்த எஸ்டேட்டில் புலியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெரியவர் என்பார்கள்.

புராணத்தில் சிங்கம்தான் என்று முணுமுணுத்தபடி, புனிதன் உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு தாமே உட்கார்ந்தார். வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. அவரும் மரம் சீவியவர் பிள்ளைதானே, பெரியவர் முதுகைத் தேய்க்க எங்கிருந்து துணிச்சல் வரும்? எழுந்து வாகனத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"வாலுக்கு வரி போட மறந்துட்டியே. மேளம் வர்றதுக்குள்ள போடு."

தங்கராஜு தூரிகையை எடுத்தார். சந்தோஷத்தில் கண் அம்மன் பக்கமே போக, வால் வரிகள் மட்டும் கோணல்மாணலாகவே வந்தன.